சூடேறினால் அணைந்துவிடும் 2006 மாடல் பெட்ரோல் கார்: கிராங்க் சென்சாரை வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: மலையடிவாரம் (சேலம்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2006ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்ட, நான்கு சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்து பதிவையும் புதுப்பித்தாயிற்று. பாடியில் துரு இல்லை, எஞ்சின் ஆயில் குடிப்பதில்லை, ஆகவே இப்போதைக்கு விற்கும் எண்ணமும் இல்லை.

காலையில் ஒரே சாவியில் கிளம்பிவிடும். நகருக்குள் ஓட்டும்போது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெயில் நேரத்தில் நெடுந்தூரம் ஓடினாலோ, ஏற்காட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறினாலோ, எஞ்சின் திடீரென்று அணைந்துவிடுகிறது. திணறல், குலுங்கல், இழுவைக் குறைவு எதுவும் முன்கூட்டித் தெரிவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சாவியைத் திருப்பி அணைத்தது போல நிற்கிறது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பேட்டரியிலும் குறையில்லை, எஞ்சின் மட்டும் பற்றுவதில்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அரைமணி நேரம் நிழலில் உட்கார்ந்திருந்தால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடுகிறது.

ஒரு பணிமனையில் பெட்ரோல் பம்பின் கோளாறு என்று சொல்லிப் பம்பையும் பில்டரையும் மாற்றினார்கள், நிலைமையில் மாற்றமில்லை. இன்னோர் இடத்தில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.எம். பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள், அதற்குச் சொல்லும் தொகையைக் கேட்டால் வண்டியையே கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் கிராங்க் சென்சாராக இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பிளக் மாற்றுவது, ஏர் பில்டர் சுத்தம் செய்வது, பிரேக் பேடு மாற்றுவது ஆகியவற்றை நானே செய்துகொள்வேன். மல்டிமீட்டரும் ஒரு சாக்கெட் செட்டும் வீட்டில் இருக்கின்றன. சென்சார்தான் கோளாறு என்று எப்படி உறுதி செய்வது? உறுதியானால் நானே மாற்றிவிடலாமா, அல்லது அதற்கென்று தனிக்கருவி ஏதும் வேண்டுமா?

மறுமொழி: வயர்மேன் (ஆட்டோ எலக்ட்ரீஷியன், திண்டுக்கல்)

தம்பி, நீங்கள் விவரித்திருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதற்கு வாய்ப்பு அதிகம். ஆனால் 'வாய்ப்பு அதிகம்' என்ற நிலையிலேயே கடைக்குப் போய்விட வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சென்சாரைக் கழற்றி மாட்டுவது எளிய வேலை. அதுதான் குற்றவாளி என்று மெய்ப்பிப்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில் அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம் ஒன்று ஃப்ளைவீல் பக்கத்திலோ முன்புறப் புல்லியின் பக்கத்திலோ இருக்கும். மிகப் பரவலான அமைப்பில் அறுபது பற்களுக்கான இடத்தில் ஐம்பத்தெட்டு பற்களும், இரண்டு பல் அளவுக்கு ஓர் இடைவெளியும் இருக்கும். ஒரு பல்லுக்கு 6 டிகிரி. சென்சாரின் முனை அந்தப் பற்களை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தூரத்தில் பார்த்துக்கொண்டிருக்கும். பல் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு மின்துடிப்பு இ.சி.எம்.முக்குப் போகிறது; இடைவெளி கடக்கும்போது துடிப்பு விட்டுப்போவதை வைத்துப் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதை அது கணித்துக்கொள்கிறது. இந்தத் துடிப்பு வராவிட்டால் எஞ்சின் சுற்றுகிறது என்பதே இ.சி.எம்.முக்குத் தெரியாது. எனவே பிளக்குக்குப் பொறி அனுப்பாது, இன்ஜெக்டரைத் திறக்காது, பாதுகாப்புக்காகப் பெட்ரோல் பம்பையும் நிறுத்திவிடும். பம்பு ஓடாததைப் பார்த்துப் பம்பு போய்விட்டது என்று பலர் முடிவுகட்டுவது இதனால்தான். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பழைய வண்டிகளில் பெரும்பாலும் இந்தச் சென்சார், காந்தத்தைச் சுற்றி முடியை விட மெல்லிய செம்புக் கம்பியை மிகப் பல சுற்றுகள் சுற்றிப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. இத்தனை ஆண்டுச் சூட்டிலும் குளிர்ச்சியிலும் விரிந்து சுருங்கி, உள்ளே எங்காவது அந்தக் கம்பி நூலளவு விட்டுப்போயிருக்கும். குளிர்ந்திருக்கும்போது இரு முனைகளும் ஒட்டிக்கொள்ளும், சூடானால் பிரியும். நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் அரைமணி நேரத்தில் ஆறுவது அதுதான்.

ஆனால் இதே அறிகுறியை, இ.சி.எம்.முக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மெயின் ரிலேயும் காட்டும். அதன் உள்ளிருக்கும் சால்டரில் விரிசல் விழுந்தால் சூட்டில் தொடர்பு விட்டு, ஆறியதும் திரும்பும். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலும் காட்டும். ஆகவே அடுத்த முறை வண்டி நிற்கும்போது பதற்றப்படாமல் சிலவற்றைக் கவனியுங்கள். எஞ்சின் அணையும் அந்த நொடியில் கிளச்சை மிதிக்காதிருந்தால், வண்டி உருளும் வேகத்தில் எஞ்சின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், அப்போது ஆர்.பி.எம். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுகிறதா, அல்லது வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்குகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வராமல் நின்றால் முள் மெதுவாகத்தான் இறங்கும், அதற்கு முன் இரண்டு மூன்று குலுங்கலும் இருக்கும். முள் சட்டென்று விழுந்தால் துடிப்பு போய்விட்டது அல்லது இ.சி.எம்.முக்கு மின்சாரமே போய்விட்டது என்று பொருள். மலைப்பாதையில் இதைச் சோதிக்கப் போய் வளைவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனத்துவிடும், பிரேக்கின் வாக்குவம் ஓரிரு மிதிக்குத்தான் தாங்கும். எனவே வண்டியை ஓரங்கட்டுவதுதான் முதல் வேலை.

ஓரங்கட்டிய பிறகு சாவியை அணைத்துவிட்டு மறுபடி ஆன் நிலைக்குக் கொண்டுவாருங்கள். செக் என்ஜின் விளக்கு எரிகிறதா? பின் இருக்கைப் பக்கம் காது கொடுத்தால் பம்பு இரண்டு நொடி ரீங்கரித்து நிற்பது கேட்கிறதா? இரண்டும் இருந்தால் இ.சி.எம்.முக்கு மின்சாரம் வருகிறது, மெயின் ரிலே நல்ல நிலையில் இருக்கிறது. விளக்கே எரியவில்லை என்றால் சென்சாரை மறந்துவிட்டு ரிலே, பியூஸ், எர்த் இணைப்பு என்று அந்தப் பக்கம் தேடுங்கள். விளக்கும் பம்பும் சரியாக இருந்து, செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் துளியும் அசையாமலே இருந்தால், சென்சார் அல்லது அதன் வயரிங், இந்த இரண்டில் ஒன்றுதான். காயில் போயிருந்தால் பொதுவாக முள் சற்றேனும் துள்ளும்.

இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மீட்டரில் என்ன அளக்க வேண்டும் என்பதை அதன்பிறகு சொல்கிறேன்.

மறுமொழி: நாலுவழிச்சாலை (மதுரை)

வயர்மேன் அண்ணன் சொல்லும் முறை சரியானதுதான், ஆனால் நடைமுறையில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. இந்தச் சென்சாரின் விலை, ஏற்கெனவே மாற்றிய பம்பின் விலையில் சிறு பங்குதான். இத்தனை ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்த பிளாஸ்டிக் இன்று இல்லாவிட்டாலும் நாளை விடத்தான் போகிறது. என்னிடமும் ஏறத்தாழ இதே வயதுள்ள வண்டி இருக்கிறது. சந்தேகம் வந்த அன்றே புதியதை வாங்கி மாட்டிவிட்டேன், பழையதை நல்ல நிலையில் இருக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். குடும்பத்தோடு போகும்போது நெடுஞ்சாலையில் வண்டி நின்று, பின்னால் லாரி வரும் நிலையை விட இந்தச் செலவு மேல். நண்பர் மீட்டரை வைத்துக்கொண்டு சூட்டில் எஞ்சினுக்குள் கைவிட்டு அளப்பதை விட, மாற்றிவிட்டுப் பார்ப்பதே எளிது என்று எனக்குத் தோன்றுகிறது.

மறுமொழி: வயர்மேன்

நாலுவழிச்சாலைத் தம்பி சொல்வதில் பாதி சரி. சென்சாரை மாற்றுவதில் எனக்கு மறுப்பே இல்லை. அளக்காமல் மாற்றுவதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. சென்சாரை வயரோடு இணைக்கும் கப்ளரைக் கழற்றி மாட்டும்போதே அதன் பின்களில் படிந்த பச்சைப் படிவு உரசிப் போய்விடும். கோளாறு உண்மையில் கப்ளரில் இருந்தாலும், புதுச் சென்சார் போட்ட பிறகு வண்டி சில வாரங்கள் நன்றாக ஓடும். 'சென்சார்தான்' என்று நிம்மதியாக இருப்பீர்கள். மறுபடி பின்களில் படிவு ஏறியதும் அதே மலைப்பாதையில் நிற்கும், அப்போது புதுச் சென்சாரின் மேல் சந்தேகமே வராது, நேராக இ.சி.எம். பெட்டிக்குத்தான் போவீர்கள். என் கடைக்கு வரும் இப்படிப்பட்ட வண்டிகளில் கப்ளரும் வயரும் கெட்டுப்போய், சென்சார் பழுதின்றி இருந்தவை கணிசம். அளப்பதற்கு ஆகும் நேரம் கால் மணிகூட இல்லை.

கேள்வியாளர்: மலையடிவாரம்

ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஏற்காடு போகவில்லை, ஓமலூர் பக்கம் சர்வீஸ் சாலையில் வெயில் நேரத்தில் ஓட்டினேன், எதிர்பார்த்தபடியே நின்றது. ஆர்.பி.எம். முள் நின்றிருந்த இடத்திலிருந்து நேராகப் பூஜ்யத்தில் விழுந்தது, வண்டி இன்னும் மூன்றாம் கியரில் உருண்டுகொண்டிருந்தது. சாவியைத் திருப்பியபோது செக் என்ஜின் விளக்கு எரிந்தது, பம்பின் ஒலியும் கேட்டது. செல்ஃப் அடித்தபோது முள் அசையவே இல்லை.

நண்பர் ஒருவரிடமிருந்து புளூடூத் ஸ்கேனர் ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பதினாறு பின் சாக்கெட்டில் மாட்டிப் பார்த்தேன், இணையவே மறுக்கிறது. இதற்கும் ஏதாவது காரணம் இருக்கிறதா? சென்சார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றினால் கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் இடத்தில், மேலிருந்து கைக்கு எட்டும் தூரத்தில் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கிறது. அதிலிருந்து வரும் கப்ளரில் மூன்று வயர்கள் இருக்கின்றன. இணையத்தில் படித்தபோது மூன்று வயர் என்றால் ஹால் வகை (காந்தப்புலத்தை மின்சுற்றால் உணரும் சென்சார்), அதை ஓம் மீட்டரில் அளக்கக் கூடாது என்று போட்டிருந்தது. குழப்பமாக இருக்கிறது.

மறுமொழி: அளவுக்கருவி (கோயம்புத்தூர்)

வணக்கம். நான் கருவியியல் துறையில் பணிபுரிகிறேன். இந்த மூன்று வயர் குழப்பத்துக்கு மட்டும் விடை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

மூன்று வயர் இருப்பதாலேயே அது ஹால் வகை ஆகிவிடாது. வயர்மேன் ஐயா சொன்ன, காந்தத்தைச் சுற்றிக் கம்பி சுற்றிய சுருள் வகைச் சென்சாரின் துடிப்பு, எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகவே இருக்கும். பிளக் வயரிலிருந்து வரும் மின்காந்தக் குறுக்கீடு அதில் கலந்துவிடாமல் இருக்க, இரண்டு வயர்களைச் சுற்றிப் பின்னலுறை ஒன்றைப் போட்டு அதை மூன்றாம் பின்னில் எர்த் செய்திருப்பார்கள். ஆகவே மூன்றாவது வயர் வெறும் கவசமாகவும் இருக்கலாம். வேறுபாட்டை அறிய, கப்ளரைப் பிரித்து, சாவியை ஆன் நிலையில் வைத்து, வண்டிப் பக்கக் கப்ளரின் ஒவ்வொரு பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டி.சி. வோல்ட்டைப் பாருங்கள். ஏதேனும் ஒரு பின்னில் முழுமையான 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ வந்தால் ஹால் வகை என்று கொள்ளலாம், ஏனெனில் அதன் உள்ளிருக்கும் மின்சுற்றுக்கு மின்சாரம் வேண்டும். அப்படி எதுவும் வராமல், இரண்டு பின்களில் இரண்டு வோல்ட்டை ஒட்டிய ஏதோ ஓர் அளவு மட்டும் தென்பட்டால், அல்லது ஒன்றுமே தென்படாவிட்டால், சுருள் வகை.

ஹால் வகையாக இருந்தால் ஓம் அளப்பதில் பயனில்லை. உள்ளே இருப்பது சுருளன்று, அரைக்கடத்திச் சுற்று. அதற்குக் கப்ளரை மாட்டிய நிலையிலேயே சிக்னல் வயரில் மீட்டரை வைத்து, முன்புறப் புல்லியின் போல்ட்டில் சாக்கெட் போட்டுக் கையால் மெல்லச் சுற்றி, வோல்ட் மேலும் கீழும் தாவுகிறதா என்று பார்க்க வேண்டும். சுருள் வகையாக இருந்தால் வயர்மேன் ஐயா சொல்லப்போவதைச் செய்யுங்கள்.

ஸ்கேனர் இணையாததற்குக் காரணம் உங்கள் வண்டியின் வயதாக இருக்கலாம். நம் நாட்டில் ஓ.பி.டி. என்னும் தற்சோதனை ஏற்பாடு பாரத் ஸ்டேஜ் 4 என்னும் புகை மாசு விதிகளோடுதான் கட்டாயமாயிற்று, அதுவும் 2010இல் ஒரு படியாகவும் 2013இல் அடுத்த படியாகவும் வந்தது. 2006 வண்டியில் சாக்கெட்டின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், உள்ளே பேசும் முறை அந்தந்த நிறுவனத்துக்கே உரியதாக இருக்கக்கூடும். அப்படியே இணைந்து படித்தாலும் கிராங்க் சென்சாருக்குரிய பி 0335 என்ற பிழைக்குறியீடு வந்தாக வேண்டும் என்பதில்லை. இடைவிட்டு நிகழும் கோளாறை இ.சி.எம். பல வேளை சாதாரணமாக எஞ்சின் அணைந்ததாகவே எடுத்துக்கொள்ளும். அந்தக் குறியீடு வந்தாலும் அது 'சென்சாரின் மின்சுற்றில் கோளாறு' என்று சொல்வதே தவிர, சென்சாரைத்தான் மாற்ற வேண்டும் என்று சொல்வதன்று. வயரும் கப்ளரும் அந்தச் சுற்றில் அடங்கும்.

மறுமொழி: வயர்மேன்

அளவுக்கருவி அம்மா சொன்னது மிகச் சரி. தம்பி, வோல்ட் பார்த்துச் சுருள் வகை என்று உறுதியானதும், எஞ்சின் ஆறியிருக்கும்போது சென்சார் பக்கக் கப்ளரில் இரண்டு சிக்னல் பின்களுக்கு இடையே ஓம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி மாறுபடும் என்றாலும் பெரும்பாலும் ஐந்நூறிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் ஓம் வரை இருக்கும். பிறகு ஒவ்வொரு பின்னுக்கும் எஞ்சின் உலோகத்துக்கும் இடையே பாருங்கள். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது.

குளிர்ந்த நிலையில் அளவு சரியாக இருப்பதை வைத்து நல்ல சென்சார் என்று சொல்லிவிட முடியாது. பல பணிமனைகளில் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். வண்டி டோ செய்து வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறது, அளந்தால் நல்ல அளவே காட்டுகிறது. நீங்கள் வண்டி நின்ற உடனேயே, அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சைலன்சர் மேனிஃபோல்டும் ரேடியேட்டர் குழாயும் பக்கத்திலேயே இருக்கும், விசிறி தானாகவே சுற்றத் தொடங்கலாம். சூட்டில் அளவு சற்றுக் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.4 விழுக்காடு கூடும், எனவே 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் கால் பங்கு கூடுவது இயல்பே. மீட்டர் எல்லை கடந்து 'ஓ.எல்.' என்று காட்டினாலோ, எண்கள் நிலையில்லாமல் ஓடினாலோ உள்ளே கம்பி விட்டுவிட்டது. சூட்டிலும் அளவு நிலையாக இருந்தால், கப்ளரிலிருந்து இ.சி.எம். வரை வயரைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பாருங்கள், குறிப்பாக எஞ்சின் மேல் வளைந்து போகும் இடத்தில்.

சாலையில் நின்ற வண்டியின் சென்சார் மேல் ஈரத்துணியைச் சுற்றினால் உடனே ஸ்டார்ட் ஆகும் என்று ஓட்டுநர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், அவசரத்துக்கு வீடு வந்து சேர உதவும். ஆனால் சுற்றியிருக்கும் கப்ளரும் சேர்ந்து குளிர்வதால் அதை மட்டும் ஆதாரமாக வைத்துச் சென்சாரைக் குற்றம் சொல்ல முடியாது.

கேள்வியாளர்: மலையடிவாரம்

சாவி ஆன் நிலையில் எந்தப் பின்னிலும் 5 வோல்ட்டும் இல்லை, 12 வோல்ட்டும் இல்லை. ஆகவே சுருள் வகை. காலையில் அளந்தபோது 860 ஓம். பிற்பகலில் வண்டி நின்றவுடன் கப்ளரைப் பிரித்து அளந்தால் மீட்டர் 'ஓ.எல்.' காட்டியது. முனைகளை அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். வெகுநேரம் ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று ஆயிரத்துச் சொச்சத்தில் ஓர் எண் தோன்றி, மறைந்து, மறுபடி தோன்றி நிலைத்தது. உடனே கப்ளரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன், முதல் அடியிலேயே கிளம்பிவிட்டது. வயரை ஆட்டிப் பார்த்ததில் வேறுபாடு எதுவும் இல்லை. இனி மாற்றும் முறையைச் சொல்லுங்கள் ஐயா. கடையில் உண்மையான பொருளை எப்படி அடையாளம் காண்பது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

மறுமொழி: அளவுக்கருவி

பெட்டியை நம்பாமல் சென்சாரின் உடலைப் பாருங்கள். பழைய சென்சாரைத் துடைத்தால் அதன் மேலேயே தயாரிப்பாளரின் எண் பொறித்திருக்கும். அழிந்திருந்தால், பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் அந்த நிறுவனத்தின் உதிரிப்பாகக் கடையில் சரியான எண்ணைச் சொல்வார்கள். ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு சென்சார் மாறியிருப்பது உண்டு, ஆகவே மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்க வேண்டாம். வாங்கும் இடத்திலேயே பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோள்பட்டைப் பகுதியிலிருந்து முனை வரை உள்ள நீளத்தை ஸ்கேலால் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு மில்லிமீட்டர் நீளம் கூடினால் பல்சக்கரத்தில் உரசும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் துடிப்பின் வலிமை வெகுவாகக் குறைந்து, செல்ஃப் அடிக்கும் வேகத்தில் இ.சி.எம். அதை உணராமலே போகலாம். கப்ளரின் காடி, வயரின் நீளம், பின்களின் வரிசை ஆகியவையும் ஒத்திருக்க வேண்டும். மீட்டரைக் கையோடு கொண்டுபோய்ப் புதியதன் ஓம் அளவையும் பார்த்துவிடுங்கள்; பழையதன் குளிர்ந்த அளவுக்கு அருகில் இருக்க வேண்டும்.

கப்ளர் பொருந்தவில்லை, வயரை வெட்டிப் பழைய கப்ளரோடு ஒட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுருள் வகையில் இரண்டு வயர்களும் இடம் மாறினால் துடிப்பின் திசை தலைகீழாகிவிடும். எஞ்சின் ஓடினாலும் ஓடும், ஆனால் பற்றவைப்பு நேரம் பிசகி இழுவை கெட்டுவிடும். அதை அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

மறுமொழி: வயர்மேன்

அளந்த விதம் அருமை தம்பி, என் கடைப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன்.

மாற்றுவதற்குத் தனிக்கருவி எதுவும் தேவையில்லை. 10 மி.மீ. சாக்கெட், ஒரு நீள எக்ஸ்டென்ஷன், ராட்செட், துருநீக்கி ஸ்பிரே, பழைய பல் துலக்கும் பிரஷ், டார்ச், இவ்வளவுதான். உங்கள் வண்டியில் மேலிருந்தே கை எட்டுவதால் ஜாக்கி போட வேண்டியதில்லை. எட்டாத வண்டிகளில் ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் கீழே படுக்கக் கூடாது, இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, மற்ற டயர்களுக்குக் கட்டை வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். மியூசிக் சிஸ்டத்துக்கு ரகசிய எண் உண்டென்றால் அதை முதலிலேயே தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றியதும் திறந்திருக்கும் காற்றுக் குழாயின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிடுங்கள். அடுத்து, சென்சாரைத் தொடுவதற்கு முன்பே அதைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் பிரஷால் தேய்த்துத் துடையுங்கள், ஏனென்றால் சென்சாரை உருவியதும் அந்த ஓட்டை நேராகப் பல்சக்கரத்தின் மேல்தான் திறக்கும். விழும் மண் உள்ளேயே தங்கிவிடும். போல்ட்டும் தவறி விழாமல் இருக்கக் கீழே ஒரு துணியை விரித்துச் செருகிவையுங்கள். கியர்பாக்ஸுக்கு அடியில் உருண்டுபோன போல்ட்டைத் தேடுவதில் என் கடையில் போன நேரத்தைக் கணக்குப் பார்த்தால் இன்னொரு கடை வைத்திருக்கலாம்.

போல்ட் வந்த பிறகும் சென்சார் வராது. இதை எதிர்பார்த்தே உட்காருங்கள். அலுமினியத் துளையில் வெள்ளைத் துரு ஏறி உடலைக் கவ்விப் பிடித்திருக்கும். துருநீக்கியை அடித்து இருபது நிமிடமாவது ஊற விட்டு, உடலைக் கையால் பிடித்து இடவலமாகத் திருப்புங்கள். முதலில் மயிரிழைதான் அசையும். மறுபடி ஸ்பிரே, மறுபடி திருப்பு. நன்றாகச் சுழலத் தொடங்கிய பிறகுதான் மேல்நோக்கி இழுக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் பழைய பிளாஸ்டிக் மேலே முறிந்து முனை உள்ளேயே தங்கிவிடும். அப்படி நேர்ந்தால் மீந்திருக்கும் பகுதியில் தடித்த மரத்திருகு ஒன்றைக் கையால் முறுக்கி இறக்கி, அதைப் பிளையரால் பிடித்து இழுக்கலாம். டிரில் போட வேண்டாம், துகள் முழுவதும் உள்ளே போய்விடும்.

உருவிய சென்சாரின் முனையைக் கவனியுங்கள். காந்தம் என்பதால் இரும்புத் தூள் மீசை போல ஒட்டியிருக்கும், அது வழக்கமானதுதான். ஆனால் முனையில் வட்டக் கீறலோ தேய்மானமோ தெரிந்தால் பல்சக்கரம் உரசியிருக்கிறது, அதற்குக் காரணம் தேடாமல் புதியதைப் போடக் கூடாது. துளையின் மேல்விளிம்பில் சென்சாரின் தோள் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடையுங்கள். அங்கே ஒரு மணல் துகள் இருந்தாலும் முனைக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளி அந்த அளவுக்குக் கூடிவிடும். சென்சாரில் இருக்கும் ரப்பர் வளையமான புதிய ஓ-ரிங்கில் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் தடவி, சுத்தியல் எதுவும் தொடாமல் விரல் அழுத்தத்திலேயே இறக்குங்கள். போல்ட் சிறியது, 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் ராட்செட்டின் தலைப்பக்கமாகப் பிடித்து இறுக்கி, பிடிப்பு வந்ததும் நிறுத்துங்கள்.

வயர் பழைய கிளிப்புகளிலேயே, பழைய வழியிலேயே போக வேண்டும். பிளக் வயரோடு சேர்த்துக் கட்டினால் குறுக்கீடு ஏறி ஆர்.பி.எம். முள் துள்ளும். மேனிஃபோல்டுக்கு அருகில் போகும் பகுதியில் இருந்த வெப்ப உறை கிழிந்திருந்தால் புதியது போடுங்கள். கப்ளரின் பின்களைக் கான்டாக்ட் கிளீனர் அடித்து உலர விட்டு, 'டிக்' ஒலி கேட்கும்வரை மாட்டுங்கள்.

கேள்வியாளர்: மலையடிவாரம்

மாற்றிவிட்டேன் ஐயா. போல்ட் எளிதில் வந்தது. சென்சார்தான் நீங்கள் சொன்னபடியே நெடுநேரம் அடம்பிடித்தது. பழைய முனையில் இரும்புத் தூள் மட்டும் இருந்தது, உரசல் அடையாளம் இல்லை. புதியது 845 ஓம். ஏற்காட்டுக்கு நண்பகல் வெயிலில் ஏசி போட்டே ஏறினேன், நிற்கவில்லை. இறங்கி வந்து வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு அணைத்து உடனே மறுபடி ஸ்டார்ட் செய்தும் பார்த்தேன், உடனே எடுக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். மாற்றியதிலிருந்து சிக்னலில் நிற்கும்போது ஆர்.பி.எம். சற்று ஏறி இறங்குகிறது, முன்பு இப்படி இல்லை. சென்சாரோடு தொடர்புடையதா?

மறுமொழி: வயர்மேன்

சென்சாரோடு தொடர்பில்லை தம்பி, பேட்டரி முனையைக் கழற்றியதோடுதான் தொடர்பு. ஐட்லிங்குக்கு எவ்வளவு காற்று விட வேண்டும் என்று இ.சி.எம். இத்தனை நாள் பழகி வைத்திருந்த கணக்கு அழிந்திருக்கும். காலையில் ஆறிய எஞ்சினை ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஸ்டார்ட் செய்து, ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்த நிலையில் ரேடியேட்டர் விசிறி ஓரிரு முறை சுற்றி நிற்கும்வரை அப்படியே ஓட விடுங்கள். பிறகு ஏசியைப் போட்டுச் சில நிமிடம் விட்டுவிட்டு, வழக்கம்போல ஓட்டுங்கள். சில நாளில் தானாகச் சீராகிவிடும். அதன் பிறகும் ஏறி இறங்கினால், ஏர் பில்டர் பெட்டியைத் திரும்ப மாட்டியபோது குழாயின் கிளாம்பு ஏதும் தளர்ந்திருக்கிறதா, சிறு வாக்குவம் குழாய் ஏதும் மாட்டாமல் தொங்குகிறதா என்று பாருங்கள்.

பழைய சென்சாரை அவசரத்துக்கு ஆகும் என்று டிக்கியில் போட்டு வைக்க வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது அது நல்ல அளவே காட்டும். இன்னும் இரண்டு வருடம் கழித்து யாராவது அதை எடுத்து, நல்ல பொருள்தான் என்று மாட்டிவிடுவார்கள். வயரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.